மக்கள் மொழியில் நீதி: முன்சீப் வேதநாயகரின் பணிவாழ்வு

உரைநடை உலகம்

நுழையும்முன்

தமிழின் முதல் நாவலை எழுதியவராகவே மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் அறிந்திருக்கிறோம். அவர் தம் இளமையையும் நடுவயதையும் கழித்த இடம் நீதிமன்றம். எழுத்தாளர் வேதநாயகரை உருவாக்கியவர் முன்சீப் வேதநாயகரே. தனக்குரிய தீர்ப்பைத் தானே படித்துப் புரிந்துகொள்ள இயலாத ஒருவனுக்கு நீதி கிடைத்ததாகக் கூற முடியுமா? அவர் எழுப்பிய இந்த வினா இன்றும் விடை தேடுகிறது. அவ்வினாவின் வழியே அவருடைய பணிவாழ்வை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

வழக்குரைத்த பெண்ணும் கேட்டறிந்த வேந்தனும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை உணர்ச்சி மிகுந்த பகுதியாகவே பெரும்பாலும் போற்றப்படுகிறது. அதனை ஒரு நீதிமன்ற நிகழ்வாகவும் படிக்கலாம். கண்ணகி வாயிற்காவலனிடம் தன் வருகையை அறிவிக்கிறாள்; அவைக்குள் நுழைகிறாள்; தான் யார் என்பதைக் கூறுகிறாள்; தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனச் சான்று காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என மன்னன் கூறுகிறான். சிலம்பு உடைக்கப்படுகிறது, உண்மை வெளிப்படுகிறது.

இந்நிகழ்வில் நாம் எளிதாகக் கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. வழக்குரைத்தவளின் மொழியும் தீர்ப்பளிக்க வேண்டியவனின் மொழியும் ஒன்றே. இடையில் மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. அவள் கூறிய ஒவ்வொரு சொல்லும் மன்னனின் செவியில் நேராகச் சென்று விழுந்தது. தன் பிழையை அவன் உடனே உணர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேற்றுமொழி பேசும் அவையில் அவள் நின்றிருந்தால், அவளுடைய சினமும் சான்றும் யாரோ ஒருவரின் வாய்வழியே தேய்ந்து சென்றிருக்கும்.

ஊராட்சி விதிகள் உத்திரமேரூர்க் கோயிற்சுவரில் தமிழில் பொறிக்கப்பட்டதன் நோக்கமும் இத்தகையதே. சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள், யார் வாரிய உறுப்பினர் ஆகலாம், யார் ஆகக்கூடாது என்பதை ஊரார் அனைவர் முன்னும் நிறுத்தின. எழுத்தறிந்தவர் படித்தனர், அறியாதவர் கேட்டறிந்தனர். விதி எவரும் காணத்தக்க இடத்தில், ஊரார் பேசும் மொழியில் இருந்தது.

கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்கள்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தென்னகத்தில் நிலைபெற்றபோது நீதிமுறை இரு கிளைகளாகப் பிரிந்தது. சென்னை நகருக்கு 1801இல் சுப்ரீம் கோர்ட்டு அமைக்கப்பட்டது. நகருக்கு வெளியே உள்ள மாவட்டங்களுக்கு 1802ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி வேறொரு நீதிமன்ற வரிசை உருவாயிற்று. அவ்வரிசையின் உச்சியில் இருந்தது ‘சதர் அதாலத்து’ எனப்பட்ட தலைமை நீதிமன்றம்.

தொடக்கத்தில் நீதிமன்றங்கள் மக்களிடமிருந்து வெகு தொலைவில் இருந்தன, வழக்குகள் தேங்கின. இக்குறையைப் போக்க 1814இல் தாமஸ் மன்றோ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1816இல் கிராம முன்சீப், மாவட்ட முன்சீப் ஆகிய பதவிகள் சட்டவடிவம் பெற்றன. இவற்றில் இந்தியரே அமர்த்தப்பட்டனர். ஊர்வழக்கை அறிந்தவர், ஊர்மொழியைப் பேசுபவர், ஊருக்கு அருகிலேயே வழக்கைக் கேட்க வேண்டும் என்பது மன்றோவின் கருத்து. ‘முன்சீப்’ என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. நடுநிலையாளர் என்பது அதன் பொருள்.

மாவட்ட முன்சீப்பின் அவைக்கு வந்தவை பெரும்பாலும் சிறிய உரிமையியல் வழக்குகளே: கடன் பத்திரம், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, தத்து, கணவனை இழந்த பெண்ணின் ஜீவனாம்சம். சிறிய வழக்கு என்பது அரசின் கணக்கு. இருக்கும் ஒரே நிலத்தை இழக்கப் போகும் உழவனுக்கு அது அவன் வாழ்வு முழுமையுமாகும்.

தமிழ் அவைக்கு மேலே ஆங்கிலத் தீர்ப்புகள் என்பதே இந்த அமைப்பின் சிக்கல். கீழ் நிலையில் வாக்குமூலமும் வாதமும் தமிழில் நிகழ்ந்தன. மேல் நிலையில் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. மேல்மன்றத்தின் தீர்ப்பே கீழ்மன்றத்துக்கு வழிகாட்டி. அவ்வழிகாட்டியைப் படிக்கும் ஆற்றல், வழக்காடிகளுக்கு மட்டுமன்றி, முன்சீப்களிலும் வக்கீல்களிலும் பலருக்கு அன்று இல்லை.

குளத்தூரிலிருந்து தரங்கம்பாடிக்கு

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826 அக்டோபர் 11ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய தியாகப் பிள்ளையிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். ஆசிரியரின் தொழிலே மாணவரின் வாழ்க்கைக்கும் திசை காட்டியது எனலாம்.

கல்வி முடிந்ததும் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தார். பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். ஆவணக் காப்பாளரின் கைவழியே வழக்கின் ஒவ்வொரு தாளும் செல்லும். மொழிபெயர்ப்பாளரோ சாட்சியின் தமிழை நீதிபதியின் ஆங்கிலத்துக்கும், நீதிபதியின் ஆங்கிலத்தைச் சாட்சியின் தமிழுக்கும் மாற்றித் தருபவர். ஒரு சொல் இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறக்கூடும். சொல்லின் எடையை வேதநாயகர் முதலில் உணர்ந்த இடம் புலவர் அவையன்று, நீதிமன்றக் கூடமே.

1857இல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 31. அவ்வூர் 1620 முதல் டேனியரின் ஆட்சியில் இருந்து, 1845இல் விலைக்கு விற்கப்பட்டு ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. கொடி மாறிப் பன்னிரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆட்சி மாறும்போது சட்டமும் மாறும். மக்களின் வழக்குகள் மட்டும் மாறாமல் தொடரும். அத்தகைய ஊரில் தொடங்கிய அவருடைய நீதிப்பணி, பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் தொடர்ந்தது. இன்றைய மயிலாடுதுறையே அன்றைய மாயூரம். அங்கு அவர் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் முன்சீப்பாக விளங்கினார். ஊர்ப்பெயர் அவர் பெயரோடு இணைந்து நிலைத்துவிட்டது.

தெரியுமா?

இன்று நீதிமன்றங்களில் நாம் கேட்கும் வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாய்தா, அமீனா போன்ற சொற்கள் பாரசீகம், அரபு ஆகிய மொழிகளிலிருந்து வந்தவை. ஜீவனாம்சம், ஸ்திரீதனம் போன்றவை வடமொழிவழி வந்தவை. அப்பீல், டிக்கிரி ஆகியவை ஆங்கிலம் தந்தவை. நீதிமன்றத் தமிழைக் கூர்ந்து நோக்கினால், இந்நாட்டை ஆண்டவர்களின் வரலாற்றையே படித்துவிடலாம்.

நடுவர் நாற்காலியும் நீதிநூலும்

நீதிபதியாகப் பணியாற்றத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், 1859இல், வேதநாயகர் ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். அறம் பாடிய புலவர்கள் தமிழில் பலர். ஆனால், பகலில் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் ஒருவர் அறம் பாடும்போது அதற்குத் தனி நிறம் உண்டாகிறது. அந்நூலில் கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டிக்கும் பகுதி உண்டு. ‘கைக்கூலி’ என்பது லஞ்சத்துக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். பிறர் அலுவலகத்தில் நிகழும் தீமையைத் தொலைவிலிருந்து பழிப்பது எளிது. தம்மோடு பணியாற்றுவோர் படிக்கும் நூலிலேயே அதனைக் கண்டிக்கத் துணிவு வேண்டும்.

சமய நடுநிலையும் அவருடைய நீதிப்பணியோடு தொடர்புடையது. அவர் கத்தோலிக்கக் கிறித்தவர். அவர் முன் வழக்குக் கொண்டு வந்தவர்களோ இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர் எனப் பல சமயத்தினர். அவரவர் குடும்ப வழக்குகளை அவரவர் சமயச் சட்டப்படியே தீர்க்க வேண்டியிருந்தது. நாள்தோறும் பிற சமயத்தாரின் வாழ்வுமுறையை மதித்து ஆராயும் கடமை அவருக்கு இருந்தது. பிற்காலத்தில், 1878இல், அவர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ என்னும் இசைநூலை வெளியிட்டதை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தல் தகும்.

சித்தாந்த சங்கிரகம்

வேதநாயகரின் பணிவாழ்வில் தலையாயது எனக் கூறத்தக்க செயல் 1862இல் நிகழ்ந்தது. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் மொழிபெயர்த்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் அவர் வெளியிட்டார். சித்தாந்தம் என்பது இங்கே முடிந்த முடிவு, அதாவது தீர்ப்பு. சங்கிரகம் என்பது சுருக்கத் தொகுப்பு. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்துத் தீர்ப்புகள் தமிழர் கைக்குத் தமிழிலேயே வந்து சேர்ந்தன.

இம்முயற்சியின் அருமையை உணர, ஒரு வழக்கை எண்ணிப் பார்ப்போம். மாயூரத்தை அடுத்த சிற்றூரில், கணவனை இழந்த பெண் ஒருத்தி, தன் வாழ்க்கைக்குரிய பொருளைக் கணவனின் உடன்பிறந்தாரிடம் கேட்கிறாள் எனக் கொள்வோம். அவர்கள் தர மறுக்கிறார்கள். இதே போன்ற வழக்கொன்றில் முன்னரே தலைமை நீதிமன்றம் ஒரு பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்திருக்கலாம். அத்தீர்ப்பு ஆங்கில நூலில் இருக்கும். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் அமர்த்திய வக்கீலுக்கும் தெரியாதிருக்கலாம். தனக்குத் துணையாக ஒரு தீர்ப்பு இருப்பதையே அறியாமல் அவள் தோற்றுத் திரும்புவாள். எதிர்த்தரப்பினர் செல்வர்களாக இருந்து, ஆங்கிலம் கற்ற வக்கீலை அமர்த்தினால், அவர்களுக்குச் சாதகமான தீர்ப்புகள் மட்டுமே அவைக்கு வரும். சட்டம் இருவருக்கும் பொது. அதனை அடையும் வழியோ ஒருவருக்கு மட்டுமே திறந்திருக்கிறது. மூடியிருந்த அவ்வழியைத் திறந்துவிடும் முயற்சியே சித்தாந்த சங்கிரகம்.

மொழிபெயர்ப்பும் எளிதாக இருந்திருக்க இயலாது. அத்தீர்ப்புகளில் ஆங்கிலச் சட்டக் கருத்துகள் இருந்தன. இந்து, இசுலாமியச் சட்டங்களைப் பற்றி நீதிமன்றப் பண்டிதர்களும் காசிகளும் வழங்கிய கருத்துரைகள் அன்றைய தீர்ப்புகளுக்கு அடிப்படையாக அமைந்தன. 1864 வரை அத்தகைய அலுவலர்கள் நீதிமன்றங்களில் இருந்தனர். தமிழ்நாட்டின் ஊர்வழக்கமும் அவற்றோடு கலந்திருந்தது. இவையனைத்தையும், சட்டத் தமிழுக்கென அகராதியோ கலைச்சொற் பட்டியலோ நிலைபெறாத காலத்தில், ஒருவர் தமிழில் எழுத வேண்டியிருந்தது. கண்டிப்பான அலுவலுக்கு இடையில், எவரும் கட்டளையிடாத இப்பணியை அவர் மேற்கொண்டார்.

அந்நூல் வெளியான 1862ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டும் சதர் நீதிமன்றமும் இணைக்கப்பட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தின் நீதிமுறை முடிவடைந்த அதே ஆண்டில், அதன் தீர்ப்புகள் தமிழ் மக்களின் உடைமையாயின.

மாயூரத்து அவையும் மக்களும்

மாயூரத்தில் வேதநாயகரின் இல்லம் புலவர் கூடும் இடமாக விளங்கியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக்கோவை’ பாடியவர். உ.வே.சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் வேதநாயகரை நினைவுகூர்ந்துள்ளார். இசையறிஞர் கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவருடைய நண்பர்களுள் ஒருவர்.

1872இல் வேதநாயகர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பதவி நீங்கியும் பொதுப்பணி நீங்கவில்லை. மாயூரம் நகராட்சியின் தலைவராகவும் அவர் தொண்டாற்றினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடிய பஞ்சத்தின்போது, தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தார். அக்கொடைத்திறத்தைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு கீர்த்தனை இயற்றினார். அவர் 1889 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.

நாவலுக்குள் ஒரு நீதிமன்றம்

1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். அதனை எழுதிய கை, பல ஆண்டுகள் தீர்ப்பெழுதிப் பழகிய கை. நாவலின் கதைத்தலைவி ஞானாம்பாள், ஆணுடையில் விக்கிரமபுரி என்னும் நகரை அடைகிறாள். யானை மாலையிட, அந்நகரின் அரசனாகிறாள். அரியணையில் அமர்ந்த அவள் செய்யும் சீர்திருத்தங்களில் நீதி நிருவாகம் முக்கிய இடம் பெறுகிறது. பெண்ணொருத்தி நீதிபதியாவதைச் சட்டமே ஏற்காத காலத்தில், கதைவழியாக அவளை நீதியரசியாக்கிப் பார்த்தார் வேதநாயகர்.

அந்நாவல் மிகக் கூர்மையாக எள்ளி நகையாடுவது நீதிமன்ற மொழியையே. நாடு தமிழ்நாடு, வழக்காடிகள் தமிழர், வக்கீல் தமிழர், நீதிபதியும் தமிழர், வாதம் மட்டும் ஆங்கிலத்தில். யார் புரிந்துகொள்வதற்காக அந்த வாதம் என்பதே அவர் வினா. ஆங்கிலத்தைக் கற்க வேண்டாம் என அவர் எங்கும் கூறவில்லை. அவரே ஆங்கிலம் வல்லவர். அக்கல்வியாலேயே பதவி பெற்றவர். ஆங்கிலம் கற்றோர் அவ்வறிவைத் தம் மக்களுக்குத் தமிழில் தர வேண்டும் என்பதே அவர் கொள்கை. சித்தாந்த சங்கிரகத்தில் செய்து காட்டியதை, 17 ஆண்டுகளுக்குப் பின் நாவலில் சொல்லிக் காட்டினார்.

பிற நாடுகளில் நீதியின் மொழி

இச்சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நார்மானியர் வெற்றிக்குப் பின் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. வாதங்கள் ஆங்கிலத்தில் நிகழ வேண்டும் என 1362இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது. பழக்கத்தின் வலிமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. நீதிமன்ற ஆவணங்கள் முழுமையாக ஆங்கிலத்துக்கு மாற 1733 வரை அம்மக்கள் காத்திருந்தனர்.

பிரான்சில் இலத்தீன் மொழியே நீதிமன்ற மொழியாக இருந்தது. மக்களுக்கு ஐயம் எழாதவாறு ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட வேண்டும் என 1539இல் மன்னர் முதலாம் பிரான்சுவா ஆணையிட்டார். இலத்தீனை நீக்கித் தம் மொழியை அரியணையேற்றிய அந்நாட்டவரே புதுச்சேரிக்கு வந்தபோது, தமிழரின் வழக்குகளைப் பிரெஞ்சு மொழியில் பதிவு செய்தனர்.

புதுச்சேரியில் தமிழரின் உரிமையியல் வழக்குகளைக் கேட்க ‘சாவடி’ என வழங்கிய நீதிமன்றம் இருந்தது. அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் பிரெஞ்சு மொழியில் கிடைக்கின்றன. 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணை, பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கு நடைமுறைப்படுத்தியதோடு, இந்தியர் தத்தம் வழக்கங்களின்படியே நீதி பெறுவர் எனவும் உறுதியளித்தது. வழக்கம் தமிழருடையது, அதனை எழுதிய மொழி வேறு. முதலியார்பேட்டை, உழவர்கரை, வில்லியனூர் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த உழவரும் நெசவாளரும், தம் நிலத்தைப் பற்றி நொத்தேர் எழுதிய பத்திரத்தில், படிக்க இயலாத வரிகளுக்குக் கீழே கையெழுத்திட்டனர். பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரம் ஒன்றைப் பெட்டியில் காத்துவரும் குடும்பத்தார், அதன் பொருளை அறிய இன்றும் மொழிபெயர்ப்பாளரை நாடவே வேண்டியிருக்கிறது.

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சிப்பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆள்வரை புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. பிரெஞ்சு மொழிக்குப் பதில் ஆங்கிலம் உயர்நீதியின் மொழியாயிற்று. வேதநாயகரின் வினா, சித்தாந்த சங்கிரகம் வெளிவந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, புதுச்சேரிக்கும் உரியதாயிற்று.

ஒரே காலம், இரு பாதைகள்

வேதநாயகருக்கு ஆறு ஆண்டுகள் இளையவர் தி. முத்துசாமி ஐயர். தஞ்சை மாவட்டத்தில் வறிய குடும்பத்தில் 1832இல் பிறந்தவர். சிறுவயதில் தந்தையை இழந்து, கிராமக் கணக்கருக்கு உதவியாக மிகச் சிறிய ஊதியத்தில் வேலை செய்தவர். அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்ட வட்டாட்சியர் ஒருவரின் உதவியால் சென்னை சென்று கற்றார். அவரும் தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்தவரே. பணியில் இருந்தபடியே சட்டப்பட்டம் பெற்றுப் படிப்படியாக உயர்ந்து, 1878இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1895இல் மறையும் வரை அப்பதவியில் விளங்கினார். உயர்நீதிமன்ற வளாகத்தில் அவருடைய பளிங்குச் சிலை இன்றும் அமர்ந்திருக்கிறது.

முத்துசாமி ஐயர் உச்சிக்குச் சென்று, இந்தியர் எந்த நீதிமன்றத்திலும் அமரத் தகுதியுடையோர் என மெய்ப்பித்தார். வேதநாயகர் முன்சீப் பதவிக்கு மேல் உயரவில்லை. உச்சியில் பேசப்பட்டதைக் கீழே இருந்தவர்களுக்குக் கொண்டுவந்தார். மக்களாட்சிக்கு இருவகைப் பணியும் தேவை. முதல்வகைப் பணிக்குச் சிலையும் பட்டமும் கிடைக்கும். இரண்டாம் வகைப் பணி, பிறர் அதனைப் பயன்படுத்துவதன் வழியே நினைக்கப்படும்.

இன்றைய நிலை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவு, உச்சநீதிமன்றம், உயர்நீதிமன்றங்கள் ஆகியவற்றின் மொழி ஆங்கிலம் எனக் கூறுகிறது. குடியரசுத் தலைவரின் இசைவோடு ஆளுநர், உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் இந்தியையோ மாநில அலுவல் மொழியையோ பயன்படுத்த ஒப்புதல் அளிக்கலாம் எனவும் அப்பிரிவு இடம் தருகிறது. இதன்படி இராசஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்திக்கு ஒப்புதல் வழங்கப்பட்டுள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் எனத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. 1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தமும், கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குவதற்கு வழிசெய்துள்ளன.

ஆங்கிலம் தொடர வேண்டும் என்போரின் காரணங்களும் எண்ணத்தக்கவை. உயர்நீதிமன்ற நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்படுகின்றனர். நாடெங்கும் சட்டத்துக்கு ஒரே பொருள் வேண்டும். முன்தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே குவிந்துள்ளன. இவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால், இக்காரணங்கள் நீதிபதிக்கும் வழக்குரைஞருக்கும் உள்ள இடர்ப்பாட்டைப் பற்றியவை. வழக்காடியின் இடர்ப்பாட்டைப் பற்றியவை அல்ல. தன் நிலமோ உரிமையோ எதனால் பறிபோயிற்று, எதனால் நிலைத்தது என்பதை அறியும் உரிமை அவனுக்கும் உண்டு.

இவ்வுரிமைக்கு மொழிபெயர்ப்பு ஓரளவு துணைசெய்யும். 2019 முதல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்துத் தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. இன்று இப்பணிக்குக் கணினியும் கைகொடுக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன், எழுதுகோலும் விளக்கொளியும் மட்டும் துணையாக, ஒரு முன்சீப் தொடங்கிய பணி இது. கணினி ஒரு சொல்லுக்கு நேரான சொல்லைத் தந்துவிடக்கூடும். அச்சொல் மாயூரத்து உழவனுக்கும் முதலியார்பேட்டை ஆலைத்தொழிலாளிக்கும் பொருள்படுமா என உறுதி செய்ய, சட்டமும் தமிழும் ஒருங்கே கற்ற மனிதர் வேண்டும். வேதநாயகர் விட்டுச்சென்ற நாற்காலி அவர்களுக்காகக் காத்திருக்கிறது. இவ்வகுப்பில் அமர்ந்திருப்போரும் அதற்கு உரியவர்களே.

அருஞ்சொற்பொருள்

முன்சீப் – உரிமையியல் நீதிமன்ற நடுவர்
சதர் அதாலத்து – கம்பெனி காலத்துத் தலைமை நீதிமன்றம்
பிராது – முறையீடு
கைக்கூலி – லஞ்சம்
ஜீவனாம்சம் – வாழ்க்கைப்படி
ஆள்வரை – நீதிமன்றத்தின் அதிகார எல்லை
நொத்தேர் – புதுச்சேரியில் பத்திரம் எழுதிப் பதியும் அலுவலர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள பழைய பத்திரம் ஒன்றைப் பெரியோரின் இசைவுடன் படித்து, அதில் இன்று வழக்கிலில்லாத சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதுக.
2. ‘உயர்நீதிமன்றத்தில் வழக்காடும் மொழி எதுவாக இருத்தல் வேண்டும்?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக. எதிரணியின் வலுவான காரணம் ஒன்றை முதலில் ஏற்றுக்கொண்டு உங்கள் வாதத்தைத் தொடங்குக.
3. கண்ணகியின் வழக்கை இன்றைய நீதிமன்றத் தீர்ப்பின் வடிவில், எளிய தமிழில் ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சித்தாந்த சங்கிரகம் வெளிவந்த ஆண்டு
அ) 1857  ஆ) 1859  இ) 1862  ஈ) 1879

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) 1816 – மாவட்ட முன்சீப் பதவி
ஆ) 1845 – புதுச்சேரி ஆட்சி மாற்றம்
இ) 1872 – நீதிநூல் வெளியீடு
ஈ) 1539 – இங்கிலாந்தின் மொழிச் சட்டம்

குறுவினா

1. ‘முன்சீப்’ என்னும் சொல்லின் பொருள் யாது?
2. 1362ஆம் ஆண்டுச் சட்டத்தில் காணப்படும் முரணைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. மொழிபெயர்ப்பாளர் பணி வேதநாயகருக்குச் சொல்லின் எடையை எவ்வாறு உணர்த்தியது?
2. முத்துசாமி ஐயர், வேதநாயகர் ஆகியோரின் பணிகளை ஒப்பிடுக.

நெடுவினா

1. ‘சட்டம் இருவருக்கும் பொது, அதனை அடையும் வழியோ ஒருவருக்கு மட்டுமே திறந்திருக்கிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணையோடும் இன்றைய சூழலோடும் பொருத்தி ஆராய்க.